ஞாயிற்றுக்கிழமை மேட்ச் போடும் கேப்டன்களுக்கு ஒரு திறந்த மடல்

வட சென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூரில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை ஞாயிறு காலையில் ஃப்ரெண்ட்லி கிரிக்கெட் மேட்ச் போடும் எல்லா டீம் கேப்டன்களுக்கும் வணக்கம்.

பிச் மேல் தென்னை நார் மேட் விரிப்பது, அம்பயர் நிற்பது, ஸ்கோர் எழுதுவது, இவைதான் எங்கள் வேலை. நாங்கள் எந்த ஏரியா டீமுக்கும் ஆள் இல்லை. கடைசி ஓவரில் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் சண்டைகளில் பெரும்பாலானவை டாஸுக்கு முன்பே கிளம்பியவை. யாரும் அளக்கவில்லை, யாரும் பேசி முடிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் முதல் பந்துக்கு முன்னால் 40 நிமிடம் ஒதுக்குங்கள் என்று கேட்கிறோம். அந்த 40 நிமிடத்தில் செய்ய வேண்டியது இது.

முதலில் அளவு. இரு பக்க ஸ்டம்புக்கும் நடுவே பிச் 22 கஜம், அதாவது 66 அடி. நம் மைதானங்களில் ஒருவர் ஸ்டம்பிலிருந்து 22 எட்டு வைத்து நடந்துபோய் எதிர் ஸ்டம்பை நட்டுவிடுகிறார். சாதாரணமாக நடப்பவரின் எட்டு இரண்டரை அடிதான் வரும். 22 எட்டுக்கு 55 அடி. 11 அடி காணாமல் போய்விட்டது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்த 11 அடியைக் கடக்க ஏறக்குறைய 0.12 நொடி ஆகும். முகத்துக்கு எகிறும் ஷார்ட் பாலுக்குத் தலையை எடுக்க பேட்ஸ்மேனுக்கு அந்த நேரமும் தேவை. டென்னிஸ் பாலில் தப்பிக்கலாம், தையல் போட்ட தோல் பந்தான ஸ்டிச் பாலில் பல் போகும். கயிற்றை வைத்தும் அளக்காதீர்கள்; நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும், சணல் கயிறு பனியில் நனைந்தால் சுருங்கும். கொத்தனாரிடம் டேப் வாங்கி வந்து அளந்துவிடுங்கள். ஸ்டம்பிலிருந்து 4 அடி முன்னால் கிரீஸ் கோடு. பிச் வடக்கு தெற்காக இருக்கட்டும். நமக்குக் கிழக்கே கடல். பிச்சைக் கிழக்கு மேற்காகப் போட்டால் 7 மணி வெயில் ஒரு பக்கம் நிற்கும் பேட்ஸ்மேன் கண்ணில் நேராக அடிக்கும்.

அடுத்தது மேட். காயமும் சண்டையும் அதிகம் வருவது இதனால்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். சனிக்கிழமை சாயங்காலமே தரையைக் கூட்டி, பாட்டில் சில்லும் ஜல்லியும் பொறுக்கி, பள்ளங்களில் ஈரச் செம்மண் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துவிட வேண்டும். காலையில் வந்து உதிரி மண்ணை அள்ளிப்போட்டு மூடினால் மூன்றாவது ஓவரிலேயே பள்ளம் திரும்பி வந்துவிடும். தண்ணீர் லேசாகத் தெளித்தால் போதும். ஈரம் அதிகமானால் தென்னை நார் மேட் அடியில் உறிஞ்சிக்கொள்ளும், பந்து குத்தியதும் நின்று மெதுவாக வரும்.

விரிக்கும்போது ஒரு தலைப்பை மட்டும் முதலில் ஆணியடித்து நிறுத்துங்கள். மறுதலைப்பில் நான்கு பேர் பிடித்து இழுக்க, ஒருவர் ஆணியடிக்க வேண்டும். பக்கவாட்டு ஆணிகள் கடைசியில், நடுவிலிருந்து இரு முனைக்கும். பக்கத்தை முதலில் அடித்தால் நடுவில் தொய்வு விழும். அந்தத் தொய்வு சரியாக குட் லெங்த்தில், அதாவது நல்ல பந்து குத்தும் இடத்தில், வந்து உட்காரும். அதில் பட்ட பந்து ஒன்று மூக்குக்கு ஏறும், இல்லையென்றால் கணுக்காலுக்கு உருளும். பௌலர் மேல் பழி விழும். ஆணி 6 அங்குல நீளம் இருக்கட்டும், மணல் தரை என்றால் 9 அங்குலம். கூடாரக் கயிற்றுக்கு முளை அடிப்பதுபோல, ஆணியின் தலை மேட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த ஆணியை மேட் இழுத்து இழுத்துப் பிடுங்கிவிடும். பக்கங்களில் 3 அடிக்கு ஒரு ஆணி என்று வைத்தால் 66 அடி மேட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 46, இரு தலைப்பிலும் நடுவில் இரண்டிரண்டு, ஆக 50. இந்த எண்ணை ஞாபகம் வையுங்கள்.

பௌலரின் முன்கால் இறங்கும் இடத்தில் மேட்டின் விளிம்பு வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் கணுக்கால் பிசகுவது நிச்சயம். அரை அடி முன்னாலோ பின்னாலோ தள்ளிப் போடுங்கள். மேட் மேல் ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஷூ) வேண்டாம், நாரில் மாட்டிக்கொள்ளும்.

பந்தை முதல் நாளே பேசி முடியுங்கள். ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். டென்னிஸ் பால் 60 கிராம்கூட இல்லை. இரண்டையும் ஒரே உடுப்பில் ஆட முடியாது. ஸ்டிச் பாலோ கார்க் பாலோ என்றால் பேடு, கிளவுஸ், ஹெல்மெட், சென்டர் கார்டு (இடுப்புக்குக் கீழே காக்கும் கவசம்) நான்கும் வேண்டும். இரண்டு பேட்ஸ்மேனுக்கும் சேர்த்து ஒரே ஹெல்மெட் இருக்கிறது என்றால் அன்றைக்கு டென்னிஸ் பாலில் ஆடிவிட்டுப் போங்கள், யாருக்கும் மானம் போகாது. தலையில் அடிபட்டவர் ‘ஒண்ணுமில்ல’ என்பார். அதை நம்பாதீர்கள். உட்கார வையுங்கள். வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே 108, அல்லது பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனை.

ஒரே மைதானத்தில் மூன்று நான்கு மேட்ச் நடப்பது நம் பக்கத்தில் சகஜம். உங்கள் டீப் மிட்விக்கெட் ஃபீல்டர் அடுத்த மேட்ச்சின் பாயிண்ட் ஃபீல்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எல்லா பிச்சும் ஒரே திசையில், ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் பந்து எந்தப் பக்கம் பறக்கும் என்று ஊகிக்கவாவது முடியும். பக்கத்துப் பந்து உள்ளே வந்தால் பார்த்தவர் ‘பால்!’ என்று கத்த வேண்டும், அம்பயர் உடனே டெட் பால் சொல்ல வேண்டும். அந்தப் பந்தில் விக்கெட் விழுந்திருந்தாலும் செல்லாது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் பாதை பவுண்டரிக்கு வெளியே இருக்கட்டும். தண்டவாளத்தை ஒட்டிய மைதானம் என்றால் சுவரைத் தாண்டினால் அவுட், பந்தும் போனதுதான். எகிறிக் குதித்து எடுக்கப் போகாதீர்கள்.

டாஸ் போடும்போதே இரு கேப்டன்களும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை சில. வைடுக்கு நடு ஸ்டம்பிலிருந்து ஆஃப் சைடில் 35 அங்குலத்தில் சுண்ணாம்புக் கோடு. மாங்கா அடிப்பவரை, அதாவது கையை மடக்கி எறியும் பௌலரை, முதல் ஓவரிலேயே அம்பயர் சொல்லி நிறுத்துவது; பதினெட்டாவது ஓவரில் கண்டுபிடித்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். பௌலர் போடும் முன்பே கிளம்பும் நான்-ஸ்ட்ரைக்கரை (பௌலர் பக்கம் நிற்கும் பேட்ஸ்மேனை) ரன் அவுட் செய்யலாம். 2022 அக்டோபரிலிருந்து, கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசியின் விதியில் அது சாதாரண ரன் அவுட் பிரிவிலேயே இருக்கிறது. எச்சரிக்கை தரவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு முறை எச்சரிப்பது என்று நீங்களாக முடிவு செய்தால் நல்லதுதான், ஆனால் டாஸிலேயே செய்யுங்கள். கடற்காற்றில் ஸ்டம்ப் மேல் வைக்கும் பெய்ல்ஸ் நிற்காவிட்டால் எடுத்துவிட்டு ஆடவும் விதி இடம் தருகிறது; ஸ்டம்பில் பட்டதா என்று தீர்மானிப்பது அம்பயர்.

எல்பி (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட்) வேண்டாம் என்று சில டீம்கள் எடுத்துவிடுகின்றன. அதை நாங்கள் ஏற்கவில்லை. எடுத்தால் பேட்டுக்குப் பதில் பேடால் ஆடக் கற்றுக்கொள்கிறார்கள், ஸ்பின்னர் செத்தார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினால் எல்பி இல்லை. மேட்டில் பவுன்ஸ் அதிகம் என்பதால் முட்டிக்கு மேல் பட்டாலும் இல்லை. மற்றபடி சந்தேகமில்லாமல் ஸ்டம்புக்குப் போவதற்கு மட்டும் கொடுங்கள்.

பேட்டிங் டீமே அம்பயர் தரும் வழக்கத்தில் 5 ஓவருக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். இப்போதுதான் அவுட்டாகி வந்தவரை நிறுத்தாதீர்கள். அவர் மனதில் தன் விக்கெட்டுக்கே இன்னும் அப்பீல் நடந்துகொண்டிருக்கும். பணம் கட்டி ஆடும் பெட் மேட்ச் என்றால் வெளியாள் அம்பயர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

ஸ்கோரை போனில் போடுவோர் நோட்டிலும் போடுங்கள். வெயிலில் திரை தெரியாது, எட்டாவது ஓவரில் சார்ஜ் தீரும். இரு டீமிலிருந்தும் ஒருவர், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஓவருக்கு ஓவர் ஒத்துப்பார்க்க வேண்டும். பேட்ஸ்மேன்கள் ரன்னும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்தால் மொத்தம் வரும். பௌலர்கள் கொடுத்த ரன்னோடு பை (எதிலும் படாமல் போன பந்தில் ஓடியது), லெக் பை (உடம்பில் பட்ட பந்தில் ஓடியது) இரண்டையும் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். வரவில்லையா, பெரும்பாலும் லெக் பையை யாரோ பேட்ஸ்மேன் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

ஓவருக்கு 4 நிமிடம் என்றால் இரு டீமுக்கும் 40 ஓவர், 160 நிமிடம்; இடைவேளையோடு 20 ஓவர் மேட்ச் மூன்று மணி நேரம் பிடிக்கும். 6:30க்கு முதல் பந்து விழுந்தால் 9:30க்கு முடியும், சித்திரை வெயிலிலும் தாங்கலாம். 15 நிமிடம் தாமதமாக வரும் டீமுக்கு ஒரு ஓவர் வெட்டுங்கள். இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் விடிந்துவிடும்.

மேட்ச் முடிந்ததும் ஜெயித்தவர்கள் செல்ஃபிக்குப் போகிறார்கள், தோற்றவர்கள் பைக்குக்குப் போகிறார்கள், ஆணி தரையில் கிடக்கிறது. சாயங்காலம் அதே இடத்தில் பையன்கள் வெறுங்காலோடு ஃபுட்பால் ஆடுகிறார்கள். 50 ஆணி போனதா, 50 திரும்பி வந்ததா என்று இரு கேப்டன்களும் சேர்ந்து எண்ணாமல் யாரும் வண்டியை எடுக்கக் கூடாது. 49தான் இருக்கிறது என்றால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, மேட்டின் ஓரம் கிடந்த கோட்டோடு மெதுவாக இழுத்துப் பாருங்கள். டீ அதற்கப்புறம்.

இப்படிக்கு,
உங்கள் மேட்ச்களுக்கு அம்பயர் நிற்பவர்களும் ஸ்கோர் எழுதுபவர்களும்