ஆய்வுக் கட்டுரை தேடுவோர் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. நம் உளவியல் செமினாருக்கு வந்த கட்டுரைகளில் சில ரிவ்யூ கட்டுரைகள், அதாவது பிறர் செய்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை. நமக்கு வேண்டியது, நேரடியாகத் தரவு திரட்டி, பியர் ரிவ்யூ ஆகி (அதே துறை வல்லுநர்கள் சரிபார்த்து) வெளிவந்த ஆய்வு.

கூகுள் ஸ்காலரில் தொடங்குவது தப்பில்லை. ஆனால் பியர் ரிவ்யூ ஆனதை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி அதில் கிடையாது. தீசிஸ், புத்தகம், முன்பதிப்பு (பியர் ரிவ்யூவுக்கு முன்பே இணையத்தில் போடும் கட்டுரை) எல்லாம் கலந்தே வரும். கல்லூரி நூலக லாகின் வழியாகக் கிடைத்தால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கட்டுரைத் தேடல் தளமான சைக்இன்ஃபோவுக்கு (PsycInfo) போங்கள். 'பியர் ரிவ்யூடு' என்பதை டிக் செய்து, மெத்தடாலஜியில் 'எம்பிரிக்கல் ஸ்டடி'யை (நேரடியாகத் தரவு திரட்டிய ஆய்வு) தேர்ந்தெடுங்கள். தேர்வு பயம், கற்றல் போன்ற தலைப்பு எடுத்தவர்களுக்கு கல்வி ஆய்வுகளுக்கான எரிக் (ERIC) தளம் போதும்; தேடுவது இலவசம், பியர் ரிவ்யூ ஃபில்டரும் உண்டு.

ஃபில்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த இதழ்களிலேயே தலையங்கமும் கடிதமும் வரும். கட்டுரையைத் திறந்ததும் மெத்தட் பகுதிக்குப் போய், பங்கேற்றவர்கள் எத்தனை பேர், யார், எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்று பாருங்கள். அந்தப் பகுதியே இல்லையென்றால் பெரும்பாலும் நமக்கு ஆகாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்னணி இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு 2015இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு, காட்டியவை. மறுசோதனையில் அப்படி வந்தது 36 சதவீதம்தான். அதனால் அதே கேள்விக்கு மறுஆய்வு உண்டா என்றும் தேடுங்கள்.

பணம் கேட்கும் கட்டுரையா? அன்பேவால் (Unpaywall) என்ற நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசப் பிரதி இருந்தால் காட்டும். ஞாயிறு இரவுக்குள் இணைப்பை இங்கே போடுங்கள்.