கேஜ் கிளாஸில் அசையாமல் நின்ற நீர்

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. நேற்று சந்தைக்குத் தானாகவே நடந்து போய்க் கருவாடு வாங்கி வந்தாள். வீட்டில் வேறு விசேஷம் இல்லை. சென்ற வாரம் தொலைபேசியில் நீ சொன்ன செய்திதான் மனத்தைவிட்டு அகலவில்லை. எரிமலை ஆய்வுக்காக நீ தங்கியிருக்கும் ஜாவாவின் மெராபி எரிமலையடிவாரக் கிராமத்துக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, “போன முறை மாடு கன்றுகளை விட்டுவிட்டு எங்களை இறங்கச் சொன்னீர்கள், மலை ஒன்றும் செய்யவில்லையே” என்று கேட்டதையும், உன்னோடு வந்த அதிகாரிகள் வாயடைத்து நின்றதையும் சொன்னாய். பிறகு, “அப்பா, அந்தக் காலத்தில் நீங்கள் பாய்லரை நிறுத்தி மாட்டிக்கொண்டீர்களே, அது என்ன கதை?” என்று கேட்டாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதை அல்ல என்பதால் எழுதுகிறேன்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் 27 ஆண்டுகள் பாய்லர் பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். பழத்தைப் பிழிந்து மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து, 20 பார், அதாவது நம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு அழுத்தத்தில் நீராவி எடுப்போம். அந்த 20 பாருக்கே சான்றிதழ், ஆண்டுதோறும் அரசாங்கப் பரிசோதனை, பாதுகாப்பு வால்வு என்று எத்தனை காவல்! நீ விட்டுச் சென்ற எரிமலைப் புத்தகத்தை அகராதியின் துணையோடு படித்தபோது நான் முதலில் அடிக்கோடிட்ட வரி, பூமிக்கடியில் 4 கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கியிருக்கும் பாறைக் குழம்பின் மேல் ஏறத்தாழ 1,000 பார் அழுத்தம் இருக்கும் என்பதுதான். அதற்குச் சான்றிதழ் கொடுப்பவர் யார், வால்வு வைத்தவர் யார் என்று எனக்கு நானே கேட்டுச் சிரித்துக்கொண்டேன்.

ஊரில் எல்லாரும் எரிமலை என்றால் நெருப்பு என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பாய்லரில் ஆளைக் கொல்வது அடுப்பில் எரியும் நெருப்பன்று, மேலே அடைபட்டிருக்கும் நீராவியே. உன் மலைகளிலும் கதை அதுதான் என்று தெரிந்தபோது, இத்தனை காலம் உன் படிப்புக்கும் என் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றிருந்த எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. ஆழத்தில் அழுத்தம் இருக்கும்வரை பாறைக் குழம்புக்குள் நீர் கரைந்தே இருக்கிறது. சில குழம்புகளில் எடைக்கு நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு வரைகூட இருக்கும். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த நீர் குமிழியாகப் பிரிகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் நம் காற்றழுத்தத்தில் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் கேட்கும் என்பது பாய்லர்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத கணக்கு.

குமிழி வெளியேற வழி கிடைக்கிறதா என்பதே மிச்சக் கேள்வி. ஆடி மாதத்தில் கோவிலுக்கு அம்மா கூழ் காய்ச்சுவாளே, அதை நினைத்துக்கொள். ரசம் கொதிக்கும்போது குமிழிகள் சலசலவென்று வந்து அமைதியாக உடைந்து போகும். கேழ்வரகுக் கூழ் இறுகி வரும் நேரத்திலோ, ஒரு குமிழி அடியிலிருந்து மெல்ல உப்பி, மேலே தோல் கட்டி நின்று, ‘பொளக்’ என்று வெடித்துத் துடுப்புப் பிடித்த கையில் தெறிக்கும். அவள் மணிக்கட்டில் இருக்கும் இரண்டு வடுக்களும் அப்படி வந்தவைதாம். சிலிக்கா என்னும் மணற்சத்து குறைந்த ஹவாய்த் தீவுக் குழம்பு 1,100 பாகை செல்சியஸுக்கு மேல் கொதித்தும் ரசம்போல் ஓடிவிடுகிறது. சிலிக்கா மிகுந்த குழம்பு அதைவிடச் சூடு குறைந்திருந்தும் கூழாக இறுகி, ஆவியை உள்ளே பூட்டிவைத்து, ஒரு நாள் தன்னையே பொடிப்பொடியாகச் சிதறடித்துக்கொள்கிறது. சூடு குறைந்ததே அதிக ஆபத்தானது என்ற செய்தியை நம் ஊர்க் காப்பிக்கடையில் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை.

அந்த நீர் அவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போயிற்று என்பதை நீ பள்ளி நாட்களிலேயே எனக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறாய். இந்தியப் பெருங்கடலின் தரை, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அது சுமந்து சென்ற நீர் பிழியப்பட்டு மேலிருக்கும் பாறைக்குள் புக, நீர் பட்ட பாறை வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்குகிறது. மலாக்கா நீரிணைக்கு இந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முன்னொரு காலத்தில், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் அடியிலும் குழம்பு ஏறியிருக்கிறது. அது வெளியே வராமல் உள்ளேயே ஆறிக் கருங்கல்லானதுதான் நம் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும் தித்திவாங்சா மலைத்தொடரின் நடுப்பாறை. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயமும் அந்தக் கருங்கல்லோடு வந்ததே. உன் தாத்தா பால்மரம் சீவப் போவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் லம்பம் என்னும் ஈயச் சுரங்கத்தில் மண் அள்ளினார்; வெடிக்காமல் போன எரிமலைதான் அவருக்குச் சோறு போட்டது என்று இப்போது சொல்லலாம்.

நீ சொன்னபடி போன மாதம் லெங்கோங்குக்கும் போய்வந்தேன். கோலகங்சாரில் பஸ் மாறிப் போனால் அரை நாள் வேலை. அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில், கற்காலத்து மனிதர்கள் கல் ஆயுதம் செய்த பட்டறையும், அதையொட்டி சுமத்ராவின் தோபா எரிமலைச் சாம்பலும் கிடைத்திருக்கின்றன. தோபா வெடித்து ஏறத்தாழ 74,000 ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து லெங்கோங்குக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் தூரம். சுமத்ராவில் காடு எரிந்தால் நமக்குப் புகைமூட்டம் வருகிறதே, அதே கடலைத் தாண்டி அன்று வந்தது அரைத்த பாறை. இந்தியாவில் ஆந்திரத்து ஜ்வாலாபுரம் வரை அந்தச் சாம்பல் படிந்திருக்கிறது. அதற்குக் கீழும் மேலும் கல் ஆயுதங்கள் கிடைத்திருப்பதால், அங்கிருந்தவர்கள் முற்றாக அழிந்துவிடவில்லை என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 2,000 கன கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழம்பைத் துப்பிவிட்டு மேற்கூரை உள்ளே இடிந்து விழுந்த பள்ளம்தான், 100 கிலோமீட்டர் நீளமுள்ள இன்றைய தோபா ஏரி. நடுவிலிருக்கும் சமோசிர் தீவு, இடிந்த தரை கீழிருந்து மறுபடி உப்பி எழுந்தது என்று படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நீ ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய். இரவு ஷிப்டு, மணி இரண்டிருக்கும். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்ட கேஜ் கிளாஸ் என்னும் கண்ணாடிக் குழாய் உண்டு. வேலை செய்யும் பாய்லரில் அந்தக் குழாய் நீர் சும்மா நிற்காது. மூச்சு விடுவதுபோல் ஒரு விரற்கடை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அன்று அது பாதிக்குமேல், மிக அழகாக, ஆடாமல் அசையாமல் நின்றது. புதிதாக வந்த பையன் பார்த்திருந்தால் எல்லாம் நலம் என்று உட்கார்ந்திருப்பான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆவி வரும் மேல் வால்வை மூடி, அடியிலிருக்கும் வடிகாலைத் திறந்தேன். சீறிக்கொண்டு வரவேண்டிய தண்ணீர் நாலு சொட்டு வந்து நின்றது. கீழ்க் குழாய் அடைத்திருந்தது. கண்ணாடி காட்டுவது பாய்லரின் நீரையன்று, மேலே ஆவி குளிர்ந்து சேர்ந்த நீரை என்று புரிந்தது. உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதை அறிய எனக்கு வழியில்லை. எரிபொருளை நிறுத்தி, நெருப்பை அணைத்தேன். டர்பைன் நின்றது, ஆலை இருண்டது, வாசலில் பழ லாரிகள் விடியும்வரை வரிசை கட்டின.

மறுநாள் பாய்லரைத் திறந்து பார்த்தார்கள். கீழ்க் குழாயில் சுண்ணாம்புப் படிவம் அடைத்திருந்தது உண்மை. ஆனால் உள்ளே தண்ணீர் போதுமான அளவு இருந்தது. “தண்ணீர்தான் இருந்ததே, எதற்காக நிறுத்தினாய்?” என்று கேட்டு, விளக்கம் கோரிக் கடிதமும் கொடுத்தார்கள். உன் கிராமத்துப் பெரியவர் கேட்டது இதே கேள்வி. நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? ஆபீஸ் எழுத்தரான கிராணியைக் கொண்டு, ‘தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். தண்ணீர் இருந்தது என்பது காலையில் தெரிந்த செய்தி, இரவு இரண்டு மணிக்கு எனக்குத் தெரியாது, தெரியாததால்தான் நிறுத்தினேன் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது.

பிலிப்பைன்ஸின் பினாத்துபோ எரிமலையைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையில், 1991 மே 13 அன்று நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த கந்தக வாயு, மே 28 அன்று 5,000 டன்னைத் தாண்டியது என்றும், ஜூன் முதல் வாரத்தில் 300 டன்னுக்கும் கீழே இறங்கியது என்றும் இருந்தது. அந்த இடத்தில் நான் கட்டுரையை மூடி வைத்துவிட்டேன். ஆடாமல் நின்ற கேஜ் கிளாஸ் அல்லவா அது! பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் அவர்களோடு இருந்த அமெரிக்கர்களும் மலை ஆறிவிட்டது என்று எண்ணாமல், வாயு வெளியேறும் வழி அடைத்துக்கொண்டது என்று கொண்டார்கள். ஜூன் 10 அன்று அருகிலிருந்த கிளார்க் என்னும் அமெரிக்க விமானத் தளத்தையே காலி செய்தார்கள். ஜூன் 15 அன்று மலை வெடித்தது. அன்றே புயலும் வந்து, நனைந்த சாம்பலின் கனத்தால் கூரைகள் இடிந்து பலர் இறந்தார்கள். என்றாலும் பிழைத்தவர்கள் பல ஆயிரம் பேர். மக்களை நம்பவைக்க ஆய்வாளர்கள் போட்டுக் காட்டிய எரிமலைப் படத்தை எடுத்த பிரெஞ்சுத் தம்பதியர் மோரிஸ், கத்தியா கிராஃப்ட் இருவரும், அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு ஜப்பானின் உன்சென் மலையில் சூடான சாம்பல் வெள்ளத்தில் இறந்துபோனார்கள் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

பெரியவரின் கேள்வியை உன் துறை முன்பே சந்தித்திருக்கிறது. 1976இல் கரிபியக் கடலின் குவாதலூப் தீவில் எரிமலைக்கு அஞ்சி 70,000க்கும் மேற்பட்டோரை மாதக்கணக்கில் வெளியேற்றி வைத்தார்கள். பெரிய வெடிப்பு வரவில்லை, ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் வெளிப்படையாகத் திட்டிக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டு கழித்துக் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் மலை புகைந்தபோது, ஆபத்து எங்கே வரும் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே வெளியாகியிருந்தும், வீணாக ஊரைக் கிளப்பிவிடுவோமோ என்று தயங்கினார்கள். 1985 நவம்பர் 13 இரவு ஒன்பது மணிக்குமேல் மலை வெடித்து, உச்சியின் பனி உருகிச் சேறாகி, ஆற்றுவழியே இறங்கி அர்மேரோ நகரை அடைய இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆனது. நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். இறந்தவர்கள் 23,000 பேருக்குமேல். வெடிப்போ சிறியது.

ஆகையால் அந்தப் பெரியவரிடம் நீ மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பது என் எண்ணம். மாட்டைப் பற்றி மட்டும் கேள், ஏனென்றால் அவர் இழந்தது அதுதான். அடுத்த முறை மாட்டையும் இறக்க லாரிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று உன் அதிகாரிகளைக் கேட்டுப் பார். 2010இல் மெராபி வெடித்தபோது, கால்நடைகளைப் பார்க்க மேலே திரும்பிப் போனவர்களைப் பற்றி நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். இந்தோனேசியாவின் நான்கு எச்சரிக்கை நிலைகளில் உச்சமான ‘அவாஸ்’ (ஜாக்கிரதை) என்ற சொல், நம் ஊரில் மின்சார வேலியிலும் ரோட்டுப் பள்ளத்திலும் தொங்குவது. தினமும் பார்க்கும் சொல்லுக்கு அச்சம் போய்விடுகிறது. அதேபோல், இரண்டாம் நிலை என்றால் ஏறிப் பார்க்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் சுமத்ராவிலுள்ள வேறொரு மலையான மராபியில் 24 பேர் இறந்தது அந்த இரண்டாம் நிலையில்தான்.

கடைசியாக ஒரு கேள்வி. இதற்கு மட்டும் உடனே பதில் எழுது. 2010இல் மெராபியின் சாம்பல் வெள்ளம் கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு 15 கிலோமீட்டருக்குமேல் ஓடியது என்று படித்தேன். நீ வாடகைக்கு எடுத்திருக்கும் அறை உச்சியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று நான் கேட்கவில்லை. அது மேட்டில் இருக்கிறதா, ஆற்றை ஒட்டி இருக்கிறதா? ஆற்றை ஒட்டி என்றால், இந்த மாத வாடகை போனாலும் பரவாயில்லை, வேறு அறை பார். முன்பணத்தை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா