16 வீட்டு மொட்டை மாடித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடி வேலை முடிந்து, ஆடியில் பெய்த இரண்டு இரவு மழையையும் பார்த்தாயிற்று, 3டி வீட்டு அக்கா வருஷக்கணக்காக ஹால் நடுவில் வைத்திருந்த நீல வாளியைத் துணி ஊறவைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, கணக்கு கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதற்குத் திருப்பணி என்று பெயர் வைத்தது கமிட்டி இல்லை. ரசீதுப் புத்தகத்தோடு படியேறி இறங்கியபோது 2ஏ பெரியவர், "கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ற மாதிரி வர்றீங்களே" என்றார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள் என்று தெரியும். வீட்டுக்கு 42,000 வீதம் 6,72,000 ரூபாய், வைப்பு நிதியிலிருந்து எடுத்தது 1,10,000, மொத்தம் 7,82,000. இதில் இரண்டு வீடுகள் தலா 12,000 பாக்கி (யாரென்று எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்). செலவில் பெரியது செங்கல் ஜல்லி போட்டு மேலே வெள்ளை டைல்ஸ் பதித்தது, 3,600 சதுர அடி, அடி 110 என்று 3,96,000. அதற்கடியில் கசிவுத் தடுப்புப் பூச்சு, கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற்றிப் பூசியதையும் சேர்த்து 3,840 சதுர அடி, 42 ரூபாய் வீதம் 1,61,280. பழைய ஓடுகளையும் அதற்கடியிலிருந்த சுருக்கியையும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்) உடைத்துக் கீழே இறக்கி, 22 நடை டாடா ஏஸில் ஏற்றி அனுப்பியது 96,000. துருப்பிடித்த கம்பி, விரிசல் வேலை 64,500. ஆறு மழைநீர்க் குழாய்கள் 28,400. இன்ஜினியருக்கு 15,000. டேங்க் இறக்கி ஏற்றியது, டீ, இத்யாதி 11,300. எல்லாம் வரி உட்பட. கூட்டினால் 7,72,480. இதில் ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய 40,000-ஐ நிறுத்தி வைத்திருக்கிறோம், மழைக்காலம் முழுசாக முடிந்து தை பிறந்த பிறகுதான் தருவோம் என்று முதல் நாளே பேசிக் கையெழுத்து வாங்கியாயிற்று. கையிருப்பு இப்போது 25,520. பில்லெல்லாம் 1பி-யில் பச்சை ஃபைலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இனி, இவ்வளவு செலவு எதற்கு என்பது. 1997-ல் கட்டிய கட்டடம் இது. 2012-லிருந்து நான்கு தடவை ஓட்டுக்கு மேலேயே ஏதோ ஒரு பூச்சு அடித்திருக்கிறோம், பழைய ரசீதுகளைக் கூட்டினால் 2,38,000. கடைசியாக வந்தவர் பத்து வருஷ கேரண்டி என்று முத்திரைத் தாளில் எழுதியே கொடுத்தார், இரண்டாவது மழைக்கே போனை எடுக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நின்று ஒன்பது நாள் ஆன பிறகும் 3டி ஹாலில் சொட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். வெளியே பளீரென்று வெயில், உள்ளே வாளியில் டொக் டொக். அன்றைக்கு யாருக்கும் காரணம் புரியவில்லை, உடைத்த பிறகுதான் புரிந்தது. ஓட்டு இடுக்கில் இறங்கிய தண்ணீரை அடியிலிருந்த செங்கல் ஜல்லி பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, மேலே நாம் காசு கொடுத்து அடித்த பூச்சு அதைக் காயவிடாமல் மூடிவிடுகிறது, அப்புறம் அது எங்கே போகும், கீழேதான். உடைத்த ஓடுகளின் இடுக்கில் கறுப்பாக ஒரு வண்டல் வேறு. நம் ராயபுரத்தில் பழையவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2011-ல் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும் வரை காலையில் காயப்போட்ட வேட்டி மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும், அந்தத் தூள்தான்.

மேஸ்திரி முதல் நாள் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு டியூபில் தண்ணீர் நிரப்பி, மாடி முழுக்க மட்டம் பிடித்துக் கைப்பிடிச் சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டே வந்தார். தென்மேற்கு மூலையில் நானூறு சதுர அடிக்கு இரண்டு அங்குலப் பள்ளம். அதில் நிற்கிற தண்ணீர் மட்டும் சுமார் 1,900 லிட்டர், இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, அதுதான் ஒவ்வொரு மழைக்கும் 3டி தலைமேல் உட்கார்ந்திருந்தது. குழாய் வாய் அந்த மூலையிலேயே இருக்கிறது, ஆனால் பள்ளத்தைச் சுற்றியுள்ள தளத்தைவிட அரை அங்குலம் உயரமாக. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் "இங்கேதான் ஒழுகுது" என்று குழாயைச் சுற்றி நாமே சிமெண்ட் அப்பி அப்பி மேடாக்கியிருக்கிறோம். "தண்ணிக்கு வழி உட்டா அது பாட்டுக்குப் பூடும் சார். வழிய அடைச்சிட்டு மேல மருந்து தடவினா இன்னா பண்ணும், ஊட்டுக்குள்ளதான் வரும்" என்றார் மேஸ்திரி. பதிமூன்று வருஷ பூச்சுச் செலவுக்கு இதைவிடச் சுருக்கமான தணிக்கை அறிக்கை கிடையாது.

கீழ்வீட்டுக்காரர்கள் பொதுக்குழுவில் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மழை எங்கள் வீட்டிலா பெய்தது, நாங்கள் ஏன் 42,000 தர வேண்டும் என்று கேட்டீர்கள், நியாயமான கேள்விதான். சட்டப்படி மொட்டை மாடி பொது இடம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் போர்டின் தகரப்பெட்டி ஏன் துருப்பிடித்து உதிர்ந்தது என்று எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிப் பார்த்தோம். வயர் போகிற பைப்புக்குள்ளிருந்து ஒரு டம்ளர் அளவு தண்ணீர் வந்தது. மாடித் தளத்துக்குள் ஓடுகிற வயர் பைப்பில் புகுந்த தண்ணீர் அதிலேயே வழிந்து மூன்று மாடி இறங்கி மீட்டர் வரை வந்திருக்கிறது. விரிசல் ஓர் இடம், சொட்டுகிற இடம் வேறு என்பதற்கும் இதுதான் காரணம், ஃபேன் மாட்டுகிற இடத்தில் ஒழுகினால் நேர் மேலே ஓட்டை என்று நினைக்கக் கூடாது. அந்தப் பெட்டியைப் பார்த்த அன்று சாயந்திரமே ஜி2 சார் முழுத்தொகையையும் கொண்டுவந்து கொடுத்தார், அதற்கு நன்றி.

வேலை சித்திரையில் ஆரம்பித்தது. முப்பது நாள் என்று பேசி 47 நாள் ஆனது. சுருக்கியை எடுத்த பிறகு தளம் வெயிலில் பத்து நாள் காய வேண்டியிருந்தது, ஈரத்தின் மேல் பூசினால் பூச்சு உரிந்துவிடும். கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம் நாம், உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், அதுதான் 3பி படுக்கையறையில் காரை பொரிந்து கட்டில்மேல் விழுந்தது. அந்த இடங்களில் கம்பி தெரியும் வரை கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, பாலிமர் கலவை வைத்து அடைத்தோம். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வருஷா வருஷம் கிள்ளிப்போட்டதில் வேர் மட்டும் முழங்கை நீளத்துக்குச் சுவருக்குள் போயிருந்தது. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றார்கள், சனிக்கிழமை எடுத்தோம்.

ஒரு தப்பும் நடந்தது, மறைக்க வேண்டாம். தளம் திறந்து கிடந்தபோது மே நடுவில் ஒரு ராத்திரி மழை வந்துவிட்டது, தார்ப்பாய் வாங்கி வைக்க கமிட்டிக்குத் தோன்றவில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் காசிமேட்டில் படகு வைத்திருக்கிற தெரிந்தவரை எழுப்பி, மீன் வாடையோடு இரண்டு பெரிய தார்ப்பாய் கொண்டுவந்து விரித்தோம். மூன்றாவது மாடி வீட்டுக்காரர்கள் அன்றைக்குத் திட்டியது எல்லாம் நியாயம்தான்.

பூச்சு இரண்டு கை, ஒன்று நெடுக்காக, காய்ந்த பிறகு இன்னொன்று குறுக்காக. அப்புறம் குழாய் வாய்களைச் சாக்கு வைத்து அடைத்து, தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டோம். முதல் தடவை தோற்றது. 3பி கூரையில் எட்டணா அளவுக்கு ஓர் ஈரவட்டம். மேலே தேடினால், எப்போதோ டிஷ் ஆன்டெனா நிறுத்தத் துளை போட்ட போல்ட் ஒன்று உள்ளேயே உடைந்து நின்றிருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து அடைத்து, மறுபடியும் 48 மணி நேரம். இந்தத் தடவை கூரை காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்தது, பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், நடுவில் நாலரை அங்குல கனம், ஓரத்தில் ஒன்றரை. கடுக்காய்த் தண்ணீர் தெளித்தீர்களா என்று கேட்டவர்களுக்கு: தெளித்தோம், வெல்லமும் சேர்த்து, இரண்டு நாள் மாடி முழுக்க எறும்பு. சுவரும் தளமும் சேருகிற மூலையைச் செங்குத்தாக விடாமல் வளைத்துப் பூசியிருக்கிறோம், பழைய கசிவில் பாதி அந்த மூலையில்தான் இருந்தது.

இனிமேல் மாடியில் யாரும் டிரில் போடக் கூடாது, கொடிக்கம்பம், டிஷ், எதுவானாலும் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், கமிட்டியிடம் சொல்லிவிட்டு. பூந்தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் வையுங்கள். வடாம் காயப்போடலாம், தாராளமாக. வெள்ளை டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும், குழந்தைகள் ஜாக்கிரதை. குழாய் வாயில் ஜாலி (குப்பை போகாமல் தடுக்கிற சல்லடை மூடி) போட்டிருக்கிறோம், ஒரு பால் கவர் போதும் அதை அடைக்க, அதனால் புரட்டாசி முதல் மார்கழி வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு வீடு முறைவைத்துப் பார்க்க வேண்டும், பட்டியல் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முதல் இரண்டு மழைத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தூள் இருக்கும் என்று சேகரிப்புத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டோம், இப்போது குழாயைத் திருப்பித் தொட்டிக்கே இணைத்தாயிற்று.

மாடிச் சாவி 3ஏ-யில். மீந்த டைல்ஸ் நாற்பது படிக்கட்டுக்கு அடியில் அடுக்கியிருக்கிறது, உடைந்தால் மாற்றுவதற்கு. அதில் ஏற்கெனவே இரண்டு குறைகிறது, கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைத்திருப்பவர்கள் திருப்பி வைத்துவிடவும்.