ஜூம் கால்ல முடியாதான்னு கேட்டியே

டேய் மச்சான்,

எப்படிடா இருக்க. தங்கச்சிக்கு சுகர் கொறஞ்சிதா, பழைய மாத்திரையே ஓடுதா இல்ல மாத்திட்டாங்களா. நீ அனுப்பின வாய்ஸ் நோட்ட நாலு நாளா வச்சிகினு இருக்கேன், போன்ல பேசினா நீ நடுவுல பூந்து பூந்து பேசுவ, அதான் டைப் பண்ணியே பதில் போட்டுடலாம்னு உக்காந்தேன். இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, வீட்ல எல்லாரும் ரத்னகிரி கோயிலுக்கு போயிருக்காங்க, எனக்கு முட்டி வலின்னு சொல்லி தப்பிச்சிட்டேன்.

நீ கேட்டது இன்னா, "பையன மாசத்துல பன்னெண்டு நாளு ஊர் ஊரா அனுப்பறானுங்க, ப்ளைட்டு ஓட்டலுன்னு காச கொட்டறானுங்க, ஜூம் கால்ல மூஞ்சி பாத்து பேசினா முடியாதா, கம்பெனிக்காரனுக்கு புத்தி கித்தி இருக்கா"ன்னு. இத நீ கேட்டது எனக்கு சிரிப்பு வந்துச்சுடா, ஏன்னா இருவது வருஷத்துக்கு மேல இதே கேள்விய ராணிப்பேட்டைல உக்காந்துகினு நான் கேட்டுகினு இருந்தேன். தோல் கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவனுக்கு வேற வேலை இன்னா, டூர் போய்ட்டு வந்தவன் வவுச்சர்ல "ஆட்டோ 180"ன்னு எழுதியிருந்தா எங்கிருந்து எங்கன்னு கேக்கறது, பேட்டாவ ஒரு நாள் கூட போட்டிருந்தா வெட்டறது. மார்க்கெட்டிங் பசங்க எனக்கு வச்ச பேரே செவப்பு பேனா. எனக்கு தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தானுங்க.

அப்புறம் ஒரு தடவ என்னையே அனுப்பினாங்க. அத உனக்கு சொன்னேனா இல்லியான்னு ஞாபகம் இல்ல, சொல்லியிருந்தாலும் மறுபடி கேளு.

ஆக்ராவுல ஷூ செய்யற ஒரு கம்பெனிக்கு நாங்க பினிஷ்ட் லெதர் அனுப்பினோம், பிரவுன் கலரு, 8,000 சதுர அடி, இருவது கட்டு. சரக்கு போய் சேந்து பத்து நாள் ஆச்சு, மெயில் வருது, ஒரே வரி, ஷேட் மாறியிருக்கு, மொத்த லாட்டும் ரிஜெக்ட்டுன்னு. கூட ரெண்டு போட்டோ. போட்டோவ எங்க ஆபீஸ்ல ஆறு பேர் ஆறு போன்ல பாத்தோம், ஆறு கலரா தெரிஞ்சிது. வீடியோ கால் போட்டோம், அந்த பர்ச்சேஸ் ஆளு தோல கேமரா முன்னாடி தூக்கி புடிச்சி ஆட்டறான், அதுல இன்னா தெரியும், அவன் கட்டை விரலு தான் தெரிஞ்சிது. ரேட்ட கொறைக்க நாடகம் போடறான்னு எங்க ஆளுங்க, நீங்க ஏமாத்தறீங்கன்னு அவங்க. மெயிலு ஏற ஏற கோவமும் ஏறிச்சு. முதலாளி கடைசில பினிஷிங் மாஸ்டரையும், கணக்கு பேசி முடிக்கறதுக்கு என்னையும் கெளம்ப சொல்லிட்டாரு.

சென்ட்ரல்ல ராத்திரி 10 மணிக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ரெண்டு ராத்திரி ஒரு பகல், ஆக்ரா கன்டோன்மென்ட்ல இறங்கறப்ப இன்னும் விடியல, ஜனவரி குளிரு, நம்ம வேலூர் வெயில்ல வெந்த ஒடம்பு வெடவெடன்னு நடுங்குது. மாஸ்டர் மேல்விஷாரம் பாய், வீட்ல பேசறதே உருது. அந்த உருது தான் அன்னிக்கு காப்பாத்திச்சு. பர்ச்சேஸ் ஆளு ரூமுல ஒரு மணி நேரம் இங்கிலீஷ்ல பேசி ஒண்ணும் நகரல, மெயில்ல இருந்த அதே வரிய வாயால படிச்சான், அவ்ளோ தான். பாய் எழுந்து வந்து தொழுவறதுக்கு எடம் எங்கன்னு கேட்டுகினு கட்டிங் செக்ஷன் பக்கமா போய்ட்டாரு. திரும்பி வரப்ப அங்க தோல் வெட்டற பெரியவரு ஒருத்தரோட டீ குடிச்சிகினே வராரு, மூஞ்சில சிரிப்பு.

விஷயம் இன்னான்னா, நம்ம சரக்கு ரெண்டு டிரம்முல சாயம் போட்டது, ரெண்டு லாட்டு. பகல் வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணு தான். அவங்க ஷெட்ல இருக்கற ட்யூப் லைட்டுல மட்டும் ஒரு லாட்டு லேசா செவந்து தெரியுது. சாயம் கலக்கற விகிதம் கொஞ்சம் மாறினாலே இப்படி ஆவும், தொழில்ல இருக்கறவனுக்கு புதுசு இல்ல, வெளிச்சத்த மாத்தி மாத்தி போட்டு பாக்கற பெட்டியே இதுக்குன்னு இருக்கு. ஆனா அவங்க பண்ண கூத்து இன்னா தெரியுமா, ரெண்டு லாட்டையும் ஒண்ணா கொட்டி வெட்டிட்டாங்க, எடது கால் ஷூவு ஒரு லாட்டுல, வலது கால் இன்னொரு லாட்டுல. ஜோடியா வச்சா கடையில கண்டிப்பா தெரியும். இத அந்த பர்ச்சேஸ் ஆளு மெயில்ல எழுதுவானா, எழுதினா அவன் கம்பெனில அவனுக்கு தானே வெட்டு. நாங்களும் கட்டுல லாட் நம்பர பென்சில்ல கிறுக்கி அனுப்பியிருக்கோம், அழிஞ்சி போச்சு, அது எங்க தப்பு.

பாய் எல்லா கட்டையும் வெளிய வெயில்லயும் உள்ள லைட்லயும் விரிச்சி, ஒவ்வொண்ணா மடிச்சி சுருக்கம் எப்படி விழுதுன்னு விரலால அமுக்கி பாத்து, சாயந்தரத்துக்குள்ள ரெண்டு குவியலா பிரிச்சிட்டாரு. மூணு கட்டு மட்டும் நெஜமாவே சரியில்ல, அத வாபஸ் வாங்கிகினோம், மீதி பதினேழும் நின்னுச்சு. அடிக்கு 95 ரூவா, நீயே பெருக்கிக்கோ. எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட், ரூமு, பேட்டா எல்லாம் சேத்து 27,400. அந்த வவுச்சர்ல செவப்பு பேனா வைக்க எனக்கு கை வரல. ஆட்டோவுக்கு பில் இல்லாம 240 ரூவா நானே எழுதினேன், சிரிக்காத.

ஆனா இந்த ஒரு கதைய வச்சிகினு எல்லா டூரும் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சுல எல்லாம் நின்னுச்சே, ஒரு வருஷத்துக்கு மேல எங்க புக்ஸ்ல டிராவல் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யம், எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம் தான், பாத்தியா ஒருத்தனும் எங்கயும் போவல, கம்பெனி மூழ்கிடலியேன்னு. அப்புறமா பார்ட்டி லிஸ்ட்ட, அதான் நம்மகிட்ட சரக்கு வாங்கறவன் லிஸ்ட்ட எடுத்து பாக்கறேன், ஆர்டர் குடுத்தவன் பூரா பழைய ஆளு. பத்து பதினஞ்சு வருஷமா மூஞ்சி தெரிஞ்சவன், நம்ம வீட்டு கல்யாணத்துக்கு வந்தவன், அவனுக்கு போன் போதும். அந்த வருஷம் பூரா புது பார்ட்டி ஒண்ணு கூட சேரல. பழைய பழக்கத்த பாங்க்ல போட்ட பணம் மாதிரி வச்சிகினு அதோட வட்டிய எடுத்து சாப்ட்டுகினு இருந்திருக்கோம், அசல்ல பத்து பைசா சேரல. செலவு கொறஞ்சது லெட்ஜர்ல கண்ணுக்கு தெரியும், வராத ஆர்டரு எந்த லெட்ஜர்ல தெரியும் சொல்லு. இத புரிஞ்சிக்க எனக்கு ஒரு கொரோனா தேவைப்பட்டுச்சு.

நம்ம ஆளு போறது மட்டும் இல்ல, அவங்க நம்மகிட்ட வரதும் இதே கணக்கு தான். பாலாத்துல தோல் கழிவு விட்ட கதை உனக்கு தெரியும், 1996ல வேலூர் சிட்டிசன்ஸ் வெல்பேர் போரம் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்து ஊரே ஆடிப்போச்சு. இன்னிக்கு வெளிநாட்டுலேந்து தோல் வாங்கறவன் வந்தா ஷோ ரூமுக்கு போறதுக்கு முன்னாடி கழிவு சுத்திகரிக்கற பிளான்ட்ட காட்டுன்னு கேக்கறான். வாசனைய போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா. அந்த தொட்டி பக்கத்துல நின்னு மூக்க சுளிக்கறானா இல்லியான்னு எங்க முதலாளி அவன் மூஞ்சிய தான் பாத்துகினு நிப்பாரு.

நம்ம ஊர்லயே பாரு, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு கொல்கத்தாலேந்தும் பங்களாதேஷ்லேந்தும் ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து வராங்க, காட்பாடில இறங்கறப்ப பாதி பேரு கைல எக்ஸ்ரே கவரு இருக்கும். ரிப்போர்ட்ட வாட்ஸப்ல அனுப்பினா டாக்டர் படிக்க மாட்டாரா, படிப்பாரு. வயித்துல கை வச்சி அமுக்கி இங்க வலிக்குதா அங்க வலிக்குதான்னு கேக்கணுமே. அவங்களுக்காக ஆஸ்பத்திரிய சுத்தி பெங்காலி சாப்பாட்டு கடையும் லாட்ஜும் ஒரு தெருவே இருக்கு.

வெட்டி டூரும் இருக்குடா, நெறைய. மாசாமாசம் ரிவ்யூ மீட்டிங்னு எட்டு பேர பெங்களூருக்கு வர சொல்லி, தலைக்கு பத்து நிமிஷம் பேச வச்சி, மட்டன் பிரியாணி போட்டு அனுப்பறது. அந்த ஆளுங்களோட ரெண்டு நாள் சம்பளத்த யாரும் டூர் செலவுல சேக்கறதே இல்ல, டிக்கெட்ட மட்டும் பாத்து அய்யோ 900 ரூவாவா ம்பானுங்க. எக்ஸிபிஷன்னு ஒண்ணு, சென்னை நந்தம்பாக்கத்துல நடக்கற தோல் கண்காட்சிக்கு ஸ்டால் போட்டா ஞாயம், மூணு நாள்ல அறுவது பேர பாக்கலாம், அறுவது ஊருக்கு தனித்தனியா போனா இன்னா ஆவும். இத்தாலில மிலன் போறது வேற கதை. விசாவுக்கு மட்டும் 90 யூரோ, 30,000 யூரோவுக்கு கொறையாத இன்சூரன்ஸ், பாங்க் ஸ்டேட்மென்ட்டு, இன்விடேஷன் லெட்டரு, கை ரேகை. இவ்ளோ அலைஞ்சி போனவன்ல நாலுல ஒருத்தன் உருப்படியா வேலைய முடிப்பான், மீதி மூணு பேரு பைசால இருக்கற சாஞ்ச கோபுரத்த கையால தாங்கற மாதிரி நின்னு போட்டோ அனுப்புவான்.

உன் பையன் மெஷின் சர்வீஸ்ல இருக்கான்னு தானே சொன்ன. அப்ப அவன் போய் தான் ஆவணும், மெஷின் நின்னா பார்ட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோன்னு நஷ்டம், சத்தத்த கேட்டு பேரிங் போயிடுச்சுன்னு சொல்ற காத கம்பெனி காசு குடுத்து அனுப்புது. எனக்கு கவலை வேற, பன்னெண்டு நாள் வெளிய சாப்ட்டா வயிறு இன்னாவும், ராத்திரி பஸ்ல போய்ட்டு அப்படியே வேலைக்கு எறங்கறானா. அத கேளு அவன. ரெஸ்ட் நாள் தரலன்னா வாய தொறந்து கேக்க சொல்லு.

அப்புறம் ஒண்ணு, ப்ளைட் டிக்கெட் போடறப்ப கம்பெனி ஜிஎஸ்டி நம்பர மறக்காம போட சொல்லு, இல்லன்னா அந்த வரிய கம்பெனி கழிச்சிக்கற கிரெடிட் போச்சு, அக்கவுண்ட்ஸ்ல என்ன மாதிரி ஒருத்தன் இவன தான் புடிப்பான். வெளி மாநிலத்து ஓட்டல் பில்லுல வர ஜிஎஸ்டிய நம்ம மாநில ரிஜிஸ்ட்ரேஷன்ல எடுக்க முடியாது, அதுக்கு யாராவது திட்டினா இவன் தப்பு இல்லன்னு தைரியமா சொல்ல சொல்லு. பில்ல எல்லாம் அன்னன்னிக்கே போட்டோ எடுத்து வச்சிக்க சொல்லு, தெர்மல் பேப்பரு நாளாக ஆக வெள்ளையாயிடும்.

நம்ம பாய் போன வருஷம் ரிட்டையர் ஆயிட்டாரு. பேரன ஸ்கூட்டில ஸ்கூலுக்கு கூட்டினு போறத விஷாரம் ரோட்ல பாத்தேன், நிறுத்தி என் பேக்க தடவி பாத்து இது லெதர் இல்ல ரெக்ஸின், எவ்ளோ குடுத்தன்னு கேட்டாரு. 1,800ன்னேன். தலைல அடிச்சிகினாரு.

பொங்கலுக்கு வரியா. ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வைக்கறேன், தங்கச்சிக்கு குடுக்காத.

உன்
செவப்பு பேனா