அந்தச் சுவரைச் சுரண்டாதீர்கள்

நுவரெலியா மாவட்டத்து உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் தோட்ட நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். ஏப்ரல் வசந்த காலம் நெருங்கினால் பாதையோரக் கற்சுவர்களைச் சுரண்டிக் கழுவி வெள்ளையடிக்கிறார்கள். இம்முறை ஊருக்கு ஒரு சுவரையாவது விட்டுவையுங்கள்.

அழுக்கென்று கழுவப்படுவதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாம்பல் பச்சை வட்டங்கள். ஒன்றோடொன்று முட்டும் இடத்தில், வரைபடத்தில் எல்லை கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. இவை இலைக்கன்கள். பங்கசும் அல்காவும் ஓருடலாய் வாழ்பவை. வேர் கிடையாது, மழையும் மூடுபனியும் தரும் ஈரத்தில் பிழைத்துக்கொள்ளும். கல்லோடு ஒட்டிப் படரும் வகைகள் பல, ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் வளரும். உள்ளங்கை அகல வட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். நீரைப் பீய்ச்சியடித்தால் சில நிமிடங்களில் போய்விடும்.

சும்மா விடுவதோடு நிறுத்த வேண்டியதில்லை, அதிலேயே சித்திரம் வரையலாம். நன்றாகப் படர்ந்த சுவரில் கொழுந்துக்கூடை சுமந்த பெண்ணின் உருவத்தைத் தகட்டால் மறைத்து, சுற்றிலும் உள்ளதை மட்டும் தண்ணீராலும் தூரிகையாலும் துலக்கினால், உயிருள்ள உருவம் எஞ்சும். வெற்றுச் சுவரென்றால் பொறுமை வேண்டும். புதுச் சீமெந்தின் காரம் தணிந்து, மேற்பரப்பு சொரசொரப்பாக, பூச்சில்லாமல் இருக்க வேண்டும். தயிர் பூசினால் உடனே படரும் என்பதை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். அதில் ஒட்டிவளர்க்க, இடிக்கப்போகும் சுவர்களிலிருந்து இலைக்கன் துண்டுகள் எடுக்கலாம். ஹோட்டன் சமவெளியிலிருந்து உரித்துவரக் கூடாது; அது தேசியப் பூங்கா.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் அறைகளின் சுவர்களை நான் இதற்குக் கேட்கவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் இருமலோடு படுத்திருப்பவரிடம் ஈரச்சுவரைக் கலையென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அங்கே முதலில் கூரையைப் போடுங்கள். நான் கேட்பது பாதையோர அணைசுவர்களையும் பாலத்துக் கற்களையும் கைவிடப்பட்ட தொழிற்சாலைகளின் வெளிச்சுவர்களையும்தான்.

சுவரைத் தெரிவுசெய்யும்போது தோட்டத்து மக்களைக் கேளுங்கள். கவ்வாத்துக்குப் பின் தேயிலை வாதுகளில் பாசி சுரண்டியவர்களுக்கு, அது எந்த மேட்டில் எந்தப் பக்கத்தில் படரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்ன உருவம் என்பதையும் அவர்களே முடிவுசெய்யட்டும். அந்தச் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க ஒதுக்கிய பணத்தை, அதில் வரைகிறவர்களுக்குக் கூலியாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மலையக வாசி ஒருவர்