பெர்கனிலிருந்து வந்த போட்டோ

திருவண்ணாமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, மாடிக்கு ஏறிப் போய்த் துணி காயப் போட்டுவிட்டு வருகிறாள்.

நீ வியாழக்கிழமை அனுப்பிய போட்டோவை அன்றைக்கே பார்த்துவிட்டேன். செயின்ட் யோர்கன் தொழுநோய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, உங்க ஹான்சன் ஊருக்கே வந்துட்டேன்" என்று எழுதியிருந்தாய். நான் ஒரு கும்பிடு மட்டும் போட்டேன். சொல்ல நிறைய இருந்தது, போனில் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

டாக்டர் ஹான்சனைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் நான் சொன்னது பாதிக் கதைதான். அந்தப் பாதி உண்மை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். நார்வேயின் மேற்குக் கரையில் மீனவர்களையும் விவசாயிகளையும் தொழுநோய் வாட்டியெடுத்த காலம் அது. 1856-லேயே ஊர் ஊராக நோயாளிகளைப் பதிவேட்டில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இது பரம்பரையாக வருவது என்று உறுதியாகச் சொன்னவர் டேனியல்சன் என்கிற பெரிய டாக்டர். ஒட்டாது என்று நம்பித் தன் உடம்பிலேயே நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததை ஏற்றிப் பார்த்தவர். அவருடைய மருமகன்தான் ஹான்சன். மாமனார் சொல்லுக்கு எதிராக, அந்தப் பதிவேடுகளைக் குடைந்து குடைந்து பார்த்து, இது தொற்று என்ற முடிவுக்கு வந்தார். 1873-இல் மைக்ராஸ்கோப்பில் அந்தக் குச்சிக் கிருமிகளையும் பார்த்தார். ஒரு நோய்க்கு இன்ன கிருமிதான் காரணம் என்று மனித நோய்களில் முதன்முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

நம் ஊரில் முன்வினை, குடும்பத்துச் சாபம் என்று சொல்லிச் சொல்லி ஆட்களை மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்திருந்தார்கள். அவர்களிடம் போய், "அம்மா, இது ஒரு கிருமி, அவ்வளவுதான்" என்று என்னால் சொல்ல முடிந்தது அந்த மனிதரால்தான். அதனால்தான் அவர் படத்தை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். அந்தக் கிருமியை ஹான்சனால் கண்ணாடிக் குப்பியில் வளர்க்க முடியவில்லை. அவரால் மட்டும் இல்லை, இன்று வரைக்கும் யாராலும் முடியவில்லை. இரண்டாகப் பிரிவதற்கே இரண்டு வாரம் போல எடுத்துக்கொள்ளும் சோம்பேறிக் கிருமி அது. முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1879 நவம்பரில், பெர்கனிலேயே இன்னொரு தொழுநோய் ஆஸ்பத்திரியில் இருந்த கரி நீல்ஸ்டாட்டர் என்ற பெண்ணின் கண்ணில், வேறொரு நோயாளியின் கட்டியில் தொட்ட கத்தியால் குத்தினார். அவளுக்கு ஏற்கெனவே உணர்ச்சி போகும் வகை நோய் இருந்தது. கட்டி வரும் வகையும் வருகிறதா என்று பார்க்கத்தான் அது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டாள் என்பது அவருக்கே தெரியும். வழக்கு கோர்ட்டுக்குப் போய், 1880-இல் அந்த ஆஸ்பத்திரி வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில், ஆஸ்பத்திரிச் சோற்றை நம்பியிருந்த ஒரு ஏழை நோயாளிக்காக ஒரு கோர்ட் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பதைப் படித்தபோது, ஹான்சன் மேல் இருந்த கோபத்தை விட அந்தக் கோர்ட்டின் மேல் மரியாதைதான் எனக்கு அதிகமாக வந்தது. நாட்டின் தொழுநோய்த் தலைமை மருத்துவர் பதவியை மட்டும் அவரிடமே விட்டுவைத்தார்கள்.

எலியின் பாதத்தில் இந்தக் கிருமியை வளர்க்க முடிந்தது 1960-இல்தான். நம் அழுங்கு மாதிரி ஓடு போர்த்திய அர்மடில்லோவில் வளர்த்தது 1971-இல். அது வரைக்கும் எந்த மருந்தாக இருந்தாலும் நேராக நோயாளி உடம்பில்தான் போட்டுப் பார்த்தார்கள். நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றினார்களே, அந்த ஊசி போட்ட இடம் எப்படி வலிக்கும் என்று வயசாளிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். டாப்சோன் என்ற மருந்து 1908-லேயே ஜெர்மனியில் தயாரானது. முப்பது வருஷத்துக்கு மேல் அதை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1941-இல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் அதன் வழிவந்த ப்ரோமினை ஊசியாகப் போட்டார்கள், புண்கள் ஆறின. அப்புறம் நம் செங்கல்பட்டுப் பக்கம் திருமணியில், டாக்டர் காக்ரேன் டாப்சோனையே நேரடியாகப் போட்டுப் பார்த்தார். விலை மலிவான மருந்து, உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. முதலில் உடம்பைக் கொடுத்த திருமணி நோயாளிகளின் பேர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் பயிற்சிக்குப் போனபோது அந்த மரங்களுக்கு அடியில்தான் டீ குடித்தோம், எங்களுக்கும் அப்போது அது தோன்றவில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். இதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

தொழுநோய் ஒழிப்பு வேலையில் நான் சேர்ந்த புதிதில், கணக்கெடுப்புக்காக ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு வீட்டுத் திண்ணையில் பத்தொன்பது இருபது வயதுப் பெண் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். முன்னங்கையில் வெளிறின ஒரு தேமல், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. எனக்கோ வேலை கற்றுக்கொண்ட வேகம். அங்கேயே, அந்தத் திண்ணையிலேயே, கண்ணை மூடச் சொன்னேன். பால்பாயின்ட் பேனா முனையால் தேமலைச் சுற்றி லேசாகத் தொட்டு, "எங்க தொட்டேனோ அங்க விரலை வை" என்றேன். சுற்றிலும் சரியாக வைத்தாள். தேமலுக்குள் தொட்டபோது கை அசையவே இல்லை. கண்ணை மூடியபடியே, "தொடுங்க சார்" என்றாள். நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தேன், தடிப்பு இல்லை. நல்ல வேளை, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். நிமிர்ந்து பார்த்தால் எதிர்வீட்டுக்காரர்கள், தண்ணீர்க் குடத்தோடு நின்ற இரண்டு பேர், எல்லாரும் என் பையையும் அவள் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயம் நடக்க வேண்டியது. நின்றுபோனது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஒரே தேமல் என்பதால் அன்றைய முறைப்படி அவளுக்கு ரிபாம்பிசினும் டாப்சோனும் ஆறு மாதம் போதுமாக இருந்தது. "மாத்திரை போட்டா சிறுநீர் சிவப்பா போகும், பயப்படாதே" என்று சொல்லியிருந்தேன். அதற்கெல்லாம் அவள் பயப்படவில்லை. கடைசி மாதத்து மாத்திரையை வாங்கிக்கொள்ளும்போது கையைத் திருப்பிக் காட்டி, "தேமல் போயிடுச்சு சார். நீங்க அன்னிக்கு வந்தது போகலை" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் தெருவில் ஒரு வீடு விடாமல் எல்லாரையும் பரிசோதித்தேன், யாருக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று. பெண்களை உள்ளே அழைத்துப் போய், வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூட வைத்துக்கொண்டு பார்த்தேன். தேமல் நிறைய இருப்பவர்களுக்கு கிளோபாசிமினும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது, அது தோலைக் கறுக்கச் செய்யும். கறுத்த முகமே ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிடும் என்று சிலர் மாத்திரையைக் கிணற்றில் போட்டதுண்டு. முன்பானால் அவர்களைத் திட்டியிருப்பேன். அந்தப் பெண்ணுக்குப் பிறகு, உட்கார்ந்து என்ன பயம் என்று கேட்டேன். மருந்து நிறுத்திக் கொஞ்ச காலத்தில் நிறம் திரும்பும் என்று சொன்னேன். இரண்டு வருஷம் ஒரே ஒருத்தருக்காகச் சைக்கிளில் போய்த் திரும்பியிருக்கிறேன்.

நான் செய்ததையும் ஹான்சன் செய்ததையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் கத்தியால் குத்தினார், நான் பேனாவால் தொட்டேன். ஆனால் இரண்டு பேரும் கேட்கவில்லை, தம்பி. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே என்ற நினைப்பு.

தீராத தொழுநோய் என்று காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க நம் சட்டத்திலேயே இடம் இருந்தது. 2019-இல்தான் அதை எடுத்தார்கள். இந்த மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-இல். தீர்க்க முடியும் என்று ஆன பிறகும் முப்பத்தெட்டு வருஷம் அந்த வரி இருந்திருக்கிறது. இன்றைக்கும் நம் நாட்டில் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்களோ.

நீ இன்னும் இரண்டு மாதம் அங்கே இருப்பாய் இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. கடைசியாக இருந்த இரண்டு நோயாளிகள் 1946-இல் அங்கே இறந்தார்களாம். ஹான்சனைப் பற்றிப் பார்த்தது போதும். நோயாளிகள் படுத்திருந்த அந்தச் சின்ன அறைகளுக்குள் போய்ப் பார். கரியின் பேர் எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா என்று அங்கே இருப்பவர்களைக் கேள். இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு.

அவர்கள் சமைத்த இடத்தையும் எடு. அடுப்பு எத்தனை, ஆளுக்கொரு பாத்திரமா, சேர்ந்து சமைத்தார்களா என்று அம்மா கேட்கிறாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா