முதல் பாகத்தின் நட்சத்திரங்களை இரண்டாம் பாகத்தில் ஒட்டியது பற்றிப் புகார்

அனுப்புநர்:
உங்கள் சந்தாதாரர், பாளையங்கோட்டை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: ‘ஆன்டிகில்லர் 2: ஆன்டிடெரர்’ படத்தின் கீழ் வேறு படத்துக்கான பார்வையாளர் கருத்துகள் இருப்பது, வாடகை 99 ரூபாயைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன சனிக்கிழமை இரவு உங்கள் செயலியில் 99 ரூபாய் கட்டி மேற்படி ரஷ்யப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் குடும்பத்தோடு பார்த்தோம். படத்தின் பெயருக்குக் கீழே நாலரை நட்சத்திரம் போட்டிருந்தது. “இத்தனை பேரு நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்கல்லா, போடுங்க” என்றாள் மனைவி. நான் இதை முன்பே பார்த்தவன். அவள் சொல்லாவிட்டால் அந்தப் பணத்துக்குப் பரோட்டா வாங்கியிருப்பேன்.

படம் முடிந்ததும் அந்தக் கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். “ஜெயில்ல இருந்து ஹீரோ வெளிய வர்ற சீன்லயே ஒக்காந்துட்டேன்” என்கிறார் ஒருவர். கதாநாயகன் சிறையிலிருந்து வருவது 2002இல் வெளியான முதல் பாகத்தில். “ரவுடி கோஷ்டிங்க மோதிக்கிறது செம” என்கிறார் இன்னொருவர். அதுவும் முதல் பாகம்தான். மொத்தம் 23 கருத்துகள். தீவிரவாதி என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. படத்தின் பெயரிலேயே ‘தீவிரவாத எதிர்ப்பு’ இருக்கிறது! முதல் பாகத்தை உங்கள் செயலியில் தேடினால் கிடைக்கவில்லை. படத்தைத் தூக்கிவிட்டு, அது வாங்கிய நட்சத்திரங்களை மட்டும் தம்பிக்கு மாட்டிவிட்டிருக்கிறீர்கள்.

நானும் இரண்டு நட்சத்திரம் போட்டு என் கருத்தை எழுதினேன். ‘வழிகாட்டுதலுக்குப் பொருந்தவில்லை’ என்று காலையில் பதில் வந்தது. அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. எழுதியதன் சாரம் இதுதான்.

2003இல் இந்தப் படம் வந்தபோது நான் மாஸ்கோவில் மாணவன். முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் அங்கே டுப்ரோவ்கா நாடக அரங்கில் செச்சென் தீவிரவாதிகளிடம் 800 பேருக்கு மேல் பணயக்கைதிகளாகச் சிக்கி, 130 பேர் அளவில் இறந்துபோயிருந்தார்கள். அதன் பிறகு யூகோ-ஜாபத்னயா மெட்ரோ வாசலில் என் கறுத்த முகத்தைப் பார்த்தாலே போலீசார் “தக்குமென்டி” (ஆவணங்களைக் காட்டு) என்று கை நீட்டுவார்கள். மாணவர் அட்டையைக் காட்டி, விசா தாளைக் காட்டி, பனியில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். அந்த நாளில் இந்தப் படத்துக்கு விடுதியில் இரண்டு கட்சி. “நம்ம ஆளுகளும் திருப்பி அடிப்பாங்கன்னு காட்டிட்டான்” என்று ரஷ்யப் பையன்கள் குதித்தார்கள். ரஷ்யாவின் தெற்கே காவ்காஸ் மலைப் பகுதியில் உள்ள தாகெஸ்தானிலிருந்து வந்த என் அறைத்தோழன் மட்டும், “காவ்காஸ்காரன் எல்லாருமே துப்பாக்கியோடவா பொறக்கிறோம்?” என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். இயக்குநர் யெகோர் கொன்சலோவ்ஸ்கி விளம்பரப் படங்கள் எடுத்துவிட்டு வந்தவர். இரண்டாம் பாகத்தில் வெட்டும் வெடியும் அதிகம், ஆள் குறைவு. ஆனாலும் மொட்டைத் தலையோடு வரும் கதாநாயகன் கோஷா குத்சென்கோ முகத்தில் ஒரு அலுப்பு இருக்கும். அது நிஜம். இதற்குத்தான் அந்த இரண்டு நட்சத்திரம்.

அந்த இரண்டையும் உங்கள் டப்பிங் கெடுத்துவிட்டது. அப்போது ரஷ்யாவில் போலீசுக்குப் பெயர் ‘மிலித்சியா’. 2011இல்தான் ‘போலீஸ்’ என்று மாற்றினார்கள். நீங்கள் அதை ‘மிலிட்டரி’ ஆக்கிவிட்டீர்கள். அங்கே போலீசிலும் மேஜர், கர்னல் பதவிகள் உண்டு என்று தெரியாமல் நாயகனை ராணுவ மேஜராக்கி, “மிலிட்டரிக்காரரு ஏன்ப்பா ஸ்டேஷன்ல ஒக்காந்து விசாரிக்காரு?” என்று என் மகனைக் கேட்க வைத்துவிட்டீர்கள். அதைவிட மோசம், காவ்காஸ் ஆட்களை ‘அரபு நாட்டுத் தீவிரவாதிகள்’ என்று மாற்றியது. காவ்காஸில் உள்ள செச்சினியாவில் ரஷ்யா போர் நடத்திக்கொண்டிருந்த காலத்துப் படம் ஐயா இது. எங்கிருந்தோ வந்த அரபிகளின் கதை இல்லை. மெட்ரோ வாசலில் என்னை எதற்கு நிறுத்தினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே, 99 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அந்த 23 கருத்துகளையும் நாலரை நட்சத்திரத்தையும் இந்தப் படத்திலிருந்து நீக்கி, என் கருத்தை வெளியிட வேண்டும். டப்பிங்கைத் திருத்த முடியாவிட்டால் ரஷ்ய மூல ஒலியோடு ஒழுங்கான தமிழ் வசனவரியாவது கொடுங்கள். இணையத்தில் வாடிக்கையாளர் கருத்துகளைக் கையாள்வதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

15 நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். பணம் கட்டிய ரசீது, 23 கருத்துகளின் திரைப்பிடிப்பு, நிராகரிப்பு மின்னஞ்சல் மூன்றையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்